ஆய்வில் சேர்த்தால் என் மகன் சோதனை எலி ஆகிவிடுவானா?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், மருத்துவமனை விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்கு இப்போது ஏழு வயது. நான்கு வயதில் ஒருநாள் காலை இமைகள் வீங்கி எழுந்தான். பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஒரே வாரத்தில் வயிறு, கால், விதைப்பை எல்லாம் வீங்க, சிறுநீர்ப் பரிசோதனையில் அல்புமின் என்ற புரதம் 4 பிளஸ் வந்தது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம், அதாவது சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் கசியவிடும் நோய், என்றார்கள். மூன்று மாதம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்ததும் முழுதாகச் சரியானது. அதன் பிறகு சளி பிடிக்கும்போதெல்லாம் நோய் திரும்புகிறது. கடந்த ஓராண்டில் மட்டும் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் மாத்திரை, பசி, ஊதிய கன்னம், பள்ளியில் 'குண்டு பூசணி' என்ற பட்டப்பெயர். போன மாதம் மனம் பொறுக்காமல் நான்கு நாள் மாத்திரையை நிறுத்திப் பார்த்திருக்கிறார்.

இப்போது பெரிய மருத்துவமனையில் ஓர் ஆய்வில் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். அடிக்கடி நோய் திரும்பும் பிள்ளைகளில் ஒரு பாதிப் பேருக்குத் தினமும் குறைந்த அளவு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, மறுபாதிக்கு லெவமிசோல் என்ற வேறு மருந்து. யாருக்கு எது என்பதைக் கணினி முடிவு செய்யும். ஓராண்டுக் கண்காணிப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. கணவர், "என் பிள்ளையை எலியாக்க விடமாட்டேன்" என்கிறார். கணவரின் தம்பி, "வெளிநாட்டு மருந்து சும்மா கிடைக்குது, விடாதீங்க அண்ணி" என்கிறார். மறுத்தால் மருத்துவமனையில் சரியாகப் பார்க்க மாட்டார்களோ என்பது தாயின் கவலை. கூடவே, ஒரே ஊசியில் குணமாகும் என்று கைப்பேசியில் பார்த்த ரிட்டுக்சிமாப் பற்றியும், நோயின் காரணத்தையே கண்டுபிடித்துவிட்டார்களாமே என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஆய்வைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த நான்கு நாள் கதையைப் பேசியாக வேண்டும். "ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகாமல் போனது நல்லகாலம். ஸ்டீராய்டு என்பது நம் உடலே அட்ரினல் சுரப்பியில் தினமும் சுரக்கிற ஒரு பொருள்தான். சில வாரங்களுக்கு மேல் மாத்திரையாக வெளியிலிருந்து வந்தால் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. அந்த இடைவெளியில் பிள்ளைக்குக் காய்ச்சலோ வாந்திபேதியோ வந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். முகம் வீங்கியதைப் பார்க்கச் சகிக்காமல் செய்தீர்கள், புரிகிறது. ஆனால் அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லும் படிப்படியான கணக்கில்தான் நடக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது நிறுத்திய விஷயத்தை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

மாத்திரை குறையும்போது அந்தக் கன்னம் இறங்கிவிடும். நோயால் வரும் வீக்கம் வேறு, மாத்திரையால் வரும் உப்பல் வேறு. முன்னது காலையில் இமையில் தொடங்கும், காலில் விரலால் அழுத்தினால் குழி விழும். பின்னது குழி விழாது. இந்த வித்தியாசம் தெரிந்தால் தினசரிப் பயத்தில் பாதி குறையும்.

சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் செய்யும் இரண்டு காரியங்களை நிறுத்தலாம். புரதம் சிறுநீரில் போகிறதே என்று தினம் ஐந்து முட்டை வெள்ளைக்கரு கொடுக்கிறீர்கள். ஓட்டை அடைபடாமல் உள்ளே ஊற்றி என்ன பயன்? அவன் வயதுக்கு உரிய வழக்கமான பருப்பு, முட்டை, பால் போதும். இன்னொன்று, வீக்கமே இல்லாத மாதங்களிலும் உப்பில்லாக் கஞ்சி. வீக்கம் இருக்கும்போது உப்பைக் குறையுங்கள். மற்ற நாட்களில் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே அவனும் சாப்பிடட்டும், அப்பளம், ஊறுகாய், பாக்கெட் சிப்ஸ் மட்டும் வேண்டாம். ஸ்டீராய்டு கிளப்பும் பசியோடு உப்பில்லாக் கஞ்சியை வைத்துப் போராடுவது பெரியவர்களாலேயே முடியாத காரியம்.

டயாலிசிஸ் பற்றிய பயத்துக்கும் ஒரு வரி. ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படுகிற வகை இது. பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகள் இந்த வகைதான். நோய் பலமுறை திரும்பினாலும் இவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது மிக அரிது. பெரும்பாலானோருக்கு வாலிபப் பருவத்தை ஒட்டி நோய் அடங்கிவிடுகிறது. உங்கள் மாமியார் சொல்கிற மருந்துப் பொடியைக் கொடுக்க வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். தானாகக் கூட நல்லபடியாக இருக்கக்கூடிய சிறுநீரகத்துக்கு, என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத ஒன்றைக் கொடுத்து ஏன் கெடுதல் தேட வேண்டும்?

மருத்துவர்கள் ஏன் பேச்சை மாற்றுகிறார்கள்?

உங்கள் கடிதத்தில் இரண்டு மனக்குறைகள் இருக்கின்றன. ஒன்று, "ஆரம்பத்தில் ஆறு மாதம் கொடுத்திருக்க வேண்டியதை மூன்று மாதத்தில் நிறுத்தியதால்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஓர் உறவினர் சொல்கிறார்" என்பது. இரண்டாவது, "பழைய டாக்டர் சளி பிடித்தால் மாத்திரையைக் கூட்டச் சொன்னார், புதிய டாக்டர் வேண்டாம் என்கிறார், யாரை நம்புவது" என்பது. இரண்டுக்கும் பதில் ஆய்வுகளில்தான் இருக்கிறது. நீங்கள் சம்மதம் சொல்லலாமா என்று யோசிக்கிற அதே மாதிரியான ஆய்வுகளில்.

உங்கள் உறவினர் சொன்னதைப் பல காலம் மருத்துவர்களும் நம்பினார்கள். நீண்ட நாள் கொடுத்தால் நோய் குறைவாகத் திரும்பும் என்று சில பழைய ஆய்வுகள் காட்டின. பிறகு இந்தியாவில் ஐந்து மருத்துவமனைகளில் 181 பிள்ளைகளை வைத்து முறையாகச் சோதித்தார்கள். எல்லோருக்கும் முதல் மூன்று மாதம் மாத்திரை. அதன் பிறகு ஒரு பாதிக்கு இன்னும் மூன்று மாதம் மாத்திரை, மறுபாதிக்குப் பார்க்க அதேபோல் இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2015-இல் முடிவு வந்தது: ஆறு மாதம் கொடுத்தும் கூடுதல் பயனில்லை. நெதர்லாந்து, ஜப்பான், பிரிட்டன் நாடுகளின் ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்லின. ஆக, உங்கள் மகனுக்கு மூன்று மாதத்தில் நிறுத்தியது அரைகுறை வைத்தியம் அல்ல. அந்த 181 வீடுகளிலும் யாரோ ஓர் அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட்டதால்தான் உங்கள் பிள்ளை மேலும் மூன்று மாத ஸ்டீராய்டிலிருந்து தப்பித்தான்.

சளி விஷயம் இன்னும் சுவையானது. சளிக் காலத்தில் சில நாள் தினசரி மாத்திரை கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று முதலில் காட்டியவர்களில் இலங்கை பேராதனை மருத்துவர்கள் முக்கியமானவர்கள். இந்தியாவிலும் அதற்குச் சாதகமான முடிவு வந்தது. உங்கள் பழைய டாக்டர் சொன்னது அதன் அடிப்படையில். பிறகு பிரிட்டனில் 365 பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு, சளி தொடங்கியதும் ஆறு நாள் மாத்திரை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் நோய் திரும்புகிறது என்றது. 100-க்கு 43, 44 என்ற அளவு. ஆகவே 2022-இன் சர்வதேச வழிகாட்டுதல், எல்லோருக்கும் வழக்கமாக அப்படிக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் காலத்தில் சில நாள் தினசரியாக மாற்றும் வழக்கம் இந்திய மருத்துவர்களிடம் இன்னும் உண்டு. இரண்டு டாக்டரும் பொய் சொல்லவில்லை. நடுவில் சான்று மாறியிருக்கிறது. நீங்களாக மட்டும் கூட்டிக் குறைக்காதீர்கள்.

எலியா, யோகக்காரனா?

உங்கள் கணவரின் கோபத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஏழைகளை ஏமாற்றி மருந்துகளைப் பரிசோதித்த கதைகள் இந்த நாட்டில் நடக்காதவை அல்ல. அதனால்தான் 2019-இல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் வந்தன. அதற்கு முன்பே 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், ஐ.சி.எம்.ஆர்., விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. அவருடைய சந்தேகம் நியாயமானது. ஆனால் அது இந்த ஆய்வுக்குப் பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டுமே பழைய மருந்துகள். லெவமிசோல் முதலில் குடற்புழுவுக்காக வந்தது, இந்த நோய்க்கும் பல்லாண்டுகளாகப் பயன்படுகிறது. பிரெட்னிசோலோன் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. ஆய்வே இல்லாவிட்டாலும் உங்கள் மகனுக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் டாக்டர் எழுதியிருப்பார். ஓராண்டில் மூன்று, நான்கு முறை திரும்பினால் 'அடிக்கடி திரும்பும் வகை' என்று கணக்கு. நான்கு முறை வந்துவிட்ட பிள்ளைக்கு ஒன்றும் செய்யாமல் இருக்க முடியாது. இரண்டில் எது மேல் என்பது உண்மையிலேயே தெரியாததால்தான் குலுக்கல். தெரிந்திருந்தால் குலுக்கல் நடத்தக் கூடாது, எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது.

உங்கள் கொழுந்தனார் சொல்வதும் அதே அளவுக்குத் தவறு. வெளிநாட்டு மருந்தும் இல்லை, விசேஷ வைத்தியமும் இல்லை. ஆய்வின் நோக்கம் நாளைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்று தெரிந்துகொள்வது. உங்கள் மகனுக்கு இதில் கிடைக்கும் நேரடி லாபம், ஒழுங்கான கண்காணிப்பும் ஒருவேளை இலவச மருந்து, பரிசோதனைகளும்தான். நஷ்டம் என்று பார்த்தால், கூடுதலாகச் சில முறை ஊசிக்குத்து, பயணம், உங்கள் கணவரின் ஒருநாள் கூலி. மருந்துகளுக்கும் தனித்தனிச் சிக்கல் உண்டு. லெவமிசோல் அரிதாக ரத்தத்தில் வெள்ளணுக்களைக் குறைக்கும், அதைப் பிடிக்கத்தான் ரத்தப் பரிசோதனை. தினசரிக் குறைந்த அளவு ஸ்டீராய்டில் உயரம், கண், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மறுத்தால் கவனிக்க மாட்டார்கள் என்ற பயத்துக்குப் பதில் நேரானது: மறுப்பது உங்கள் உரிமை. சேர்ந்த பிறகு நடுவில் விலகுவதும் உரிமை, காரணம்கூடச் சொல்ல வேண்டாம். விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது என்பது படிவத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். யாராவது வாயால் வேறு மாதிரிச் சொன்னால், படிவத்தின் கடைசியில் இருக்கும் நெறிமுறைக் குழுவின் எண்ணுக்கு அழையுங்கள். அந்த எண் அங்கே இருப்பதே அதற்காகத்தான்.

கையெழுத்துக்கு முன்

படிவத்தை மருத்துவமனையிலேயே அவசரமாகப் படித்துக் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துவந்து கணவரோடு உட்கார்ந்து படியுங்கள். தமிழில் கேளுங்கள், தரக் கடமைப்பட்டிருக்கிறார்கள். படிக்கும்போது இவற்றைத் தேடுங்கள்:

பதிவு எண். இந்தியாவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகள் 2009 ஜூன் 15 முதல் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் கட்டாயம் பதிவாக வேண்டும். எண்ணை வாங்கி இணையத்தில் தட்டினால் ஆய்வை யார் நடத்துகிறார்கள், பணம் யார் தருகிறார்கள், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் தெரியும். எண் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்ற வாசகம் தெளிவாக இருக்க வேண்டும்.

நடுவில் நோய் திரும்பினால் என்ன செய்வார்கள். இதைத்தான் நான் முதலில் கேட்பேன். எத்தனை முறை திரும்பினால் அந்த மருந்தை விட்டு வேறு மருந்துக்கு மாற்றுவார்கள், இரவில் வீங்கினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? இதற்குத் தெளிவான பதில் இருந்தால் அந்த ஆய்வைப் பொறுப்பானவர்கள் நடத்துகிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

ரத்தத்தைச் சேமித்து வைப்பார்களா. சில ஆய்வுகளில் மிச்ச ரத்தத்தைப் பின்னாளைய மரபணு ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வார்கள். அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். ஆய்வுக்குச் சரி, இதற்கு வேண்டாம் என்று சொல்ல உங்களால் முடியும்.

இன்னொருவரின் சம்மதமும் வேண்டும்: உங்கள் மகனுடையது. ஏழு வயது முதல் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் சொல்லி அவன் வாய்மொழி ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை. பன்னிரண்டு வயதானால் எழுத்திலேயே. "மூணு மாசத்துக்கு ஒரு தடவை கையில ஊசி குத்துவாங்க, வேற மாத்திரையா இருக்கலாம், உனக்குச் சரியா?" என்று கேட்டால் போதும். ஏழு வயதுப் பிள்ளைகள் நாம் நினைப்பதை விட நன்றாகப் பேரம் பேசுவார்கள்.

என் கருத்தைக் கேட்டால், நீங்கள் விவரித்தபடியே ஆய்வு இருந்து, மேலே சொன்னவற்றுக்குப் பதில் சரியாக இருந்தால் சேர்க்கலாம் என்பேன். மருத்துவமனை தொலைவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போவது முடியாது என்றால் சேர்க்காமல் இருப்பதிலும் குற்றமில்லை. அப்போதும் இரண்டில் ஒரு மருந்தைக் கேட்டு வாங்குங்கள். அது ஆய்வுக்கு வெளியிலும் கிடைப்பதுதான்.

அந்த ஊசியும் அந்தக் கண்டுபிடிப்பும்

ரிட்டுக்சிமாப் நல்ல மருந்து. 2014-இல் ஜப்பானில் 48 பேரிடம் நடந்த ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு நோய் திரும்பாத காலம் 267 நாள், போடாதவர்களுக்கு 101 நாள் என்று வந்தது. கொல்கத்தாவில் 120 பிள்ளைகளை வைத்து நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ரிட்டுக்சிமாப் குழுவில் 90 சதவீதம், டாக்ரோலிமஸ் என்ற வேறு மருந்து எடுத்த குழுவில் 63 சதவீதம். ஆனால் முதல் எண்ணை நன்றாகப் பாருங்கள். 267 நாள் என்பது ஓராண்டுகூட இல்லை. இந்த ஊசி பி-செல் என்ற வெள்ளணுக்களை அழிக்கிறது. மாதங்கள் கழித்து அவை திரும்ப வளரும்போது பலருக்கு நோயும் திரும்புகிறது. சில பிள்ளைகளுக்கு, குறிப்பாகச் சிறு வயதில் போட்டால், நோய் எதிர்ப்புப் புரதங்கள் குறைந்து அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. அதனால் மற்ற மருந்துகள் கைகொடுக்காதபோதுதான் அதை எடுப்போம். உங்கள் மகன் இன்னும் முதல் படியில்தான் நிற்கிறான். 'ஒரே ஊசியில் குணம்' என்று விளம்பரம் செய்பவர் யாராக இருந்தாலும் விலகி இருங்கள்.

காரணம் கண்டுபிடித்த செய்தி உண்மை, பாதியளவு. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் சல்லடையில் நெஃப்ரின் என்றொரு புரதம் இருக்கிறது. பிறக்கும்போதே இந்த நோயுடன் வந்த பின்லாந்துப் பிள்ளைகளின் மரபணுவை ஆராய்ந்தபோது, 1998-இல் அது தெரியவந்தது. நம் உடலின் எதிர்ப்புப் புரதங்களே, அதாவது ஆன்டிபாடிகளே, அந்த நெஃப்ரினைத் தாக்குகின்றன என்பதை 2024-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டினார்கள். 182 பிள்ளைகளில் 94 பேர் ரத்தத்தில் நெஃப்ரினுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. மருந்து எதுவும் எடுக்காமல் நோய் தீவிரமாக இருந்தவர்களை மட்டும் பார்த்தால் 90 சதவீதம். நோய் அடங்கும்போது ஆன்டிபாடியும் குறைகிறது. இந்த நோயைப் பார்க்கிற எங்களுக்கு இது பெரிய சந்தோஷம். இத்தனை காலமும் 'காரணம் தெரியாத' என்றுதான் எழுதிவந்தோம். ஆனால் அந்தப் பரிசோதனையைச் செய்து உங்கள் மகனின் மருந்தை மாற்றும் காலம் இன்னும் வரவில்லை. யாராவது பணம் வாங்கிக்கொண்டு செய்யச் சொன்னால் இப்போதைக்குத் தேவையில்லை.

வீட்டில்

நோய் திரும்புவதை வீக்கம் காட்டும் முன்பே கண்டுபிடிக்க உங்களால் முடியும். காலையில் முதல் சிறுநீரில் டிப்ஸ்டிக் பட்டையை நனைத்து, டப்பாவில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுங்கள். பட்டை செலவு என்றால், மருத்துவர் தரும் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தில் சில சொட்டுகளைக் கண்ணாடிக் குழாயில் உள்ள சிறுநீரில் விடலாம். தெளிவாக இருந்தால் புரதம் இல்லை. திரிந்த பால் மாதிரி திரள் திரளாக நின்றால் 3 பிளஸோ அதற்கு மேலோ. தொடர்ந்து மூன்று காலை 3 பிளஸ் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள், உடனே அழையுங்கள். ஒருநாள் மட்டும் வந்து மறைந்தால் பதறாதீர்கள். சளி நாளில் அப்படி எட்டிப்பார்த்துவிட்டுப் போகும்.

புரத அளவு எதுவாக இருந்தாலும் சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது: காய்ச்சலோடு வயிற்றுவலி, ஒற்றைக் கால் மட்டும் வீங்கி வலிப்பது, கடுமையான தலைவலி, நிற்காத வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைவது, மூச்சு வாங்குவது. இரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளை என்பதை நுழைந்ததும் சொல்லுங்கள்.

தடுப்பூசி கேட்டிருந்தீர்கள். நிமோனியாத் தடுப்பூசியும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசியும் அவனுக்கு அவசியம். சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால் ஸ்டீராய்டு அளவு நன்றாகக் குறைந்த பிறகு, மருத்துவர் சொல்லும் நேரத்தில் போட வேண்டும். அதுவரை, வகுப்பிலோ தெருவிலோ யாருக்காவது சின்னம்மை வந்து உங்கள் மகன் அவர்களோடு இருந்திருந்தால் அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஆத்தா வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். வேப்பிலை கட்டட்டும், கும்பிடட்டும். ஆனால் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தொற்றுப் பட்ட முதல் சில நாட்களில்தான் தடுப்பு மருந்து வேலை செய்யும்.